மஞ்சளுக்கு அடியில் சொறி

செம்மறிக்குச் சொறி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், முதுகு மயிரைப் பிளந்து தோலை விரலால் சுரண்டிப் பார்க்க வேண்டும். நோய் இல்லாத ஆடு துள்ளி விலகிவிடும். சொறி பிடித்த ஆடு நகராது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, உதடு துடிக்க, வாயில் ஏதோ இருப்பதுபோல மென்றுகொண்டே நிற்கும். சுரண்டுகிற கையை எடுத்துவிடாதே என்று கெஞ்சுவதுபோல இருக்கும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். என் அக்காள் புருஷனின் ஆடு ஒன்றை அப்படிச் சுரண்டி, அது உதட்டைத் துடிக்கவிட்டபோது, கூடிநின்ற ஆட்களைப் பார்த்து நான் சிரித்தேன். அன்று நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்தி நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிரிமார் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்துத் தேறியிருந்தேன். உத்தியோகம் கிடைக்கவில்லை. அப்பா அதற்கு முந்தியே இறந்துபோயிருந்தார். அவர் விட்டுப்போன கொஞ்சம் நிலமும் ஒரு செம்மறி மந்தையும் என் தலையில் விழுந்தன. எனக்கு ஆடுகளைப் பிடிக்காது. அவற்றின் வாடை என் சட்டையில் ஏறுவது பிடிக்காது. என் வகுப்பில் படித்தவர்கள் ராஜபாளையம் கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகளைப் படல் கட்டி வயலுக்குள் அடைத்து வைத்தால், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலக்காரர் அதற்கு நெல் அளப்பார். ஆனால் சின்ன மந்தையை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் பல பேர் தங்கள் ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கிடையாக ஓட்டிப்போவோம். எல்லோருக்கும் தலைவராக ஒரு கீதாரி இருப்பார். அவர் சொல்தான் கிடைக்குச் சட்டம். எங்கள் கிடை வன்னியம்பட்டியில் ஆரம்பித்து, மலையோரமாகவே வத்திராயிருப்பு வரைக்கும் வயல் வயலாகப் போகும்.

அந்தக் கிடையில் அக்காள் புருஷனின் மந்தையும் இருந்தது. அவர் சேத்தூர்ப் பக்கத்துக்காரர். நிலம் கிடையாது. வன்னியம்பட்டியில் குடியிருந்தார். கிடையில் கிடைக்கிற நெல்லை வைத்துத்தான் மழைக்காலம் முழுக்க அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. எனக்குக் கிடை போனால் நிலம் இருந்தது. அவருக்குக் கிடை போனால் ஒன்றும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

அவருக்கும் எனக்கும் ஆகாது. அவருடைய வாய்தான் முதல் காரணம் என்று அப்போது நினைத்தேன்.

"ஏ மாப்ளே, இங்கிலீசுல ஒரு சத்தம் குடு பாப்போம். ஆடு திரும்புதான்னு பாக்கேன்" என்பார், எல்லோருக்கும் கேட்கிறமாதிரி.

"ஓங்க சத்தத்துக்குத்தான் திரும்புதே மச்சான். தன் சாதிச் சத்தம் அதுக்குத் தெரியாதா?" என்று நான் சொல்வேன்.

கேட்டவர்கள் இரண்டுக்கும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். நான் மறக்க மாட்டேன். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன்.

என் மந்தையில் ஒரு கிடா இருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து, பிழைப்பேனா என்று கிடந்தபோது, அம்மா எங்கள் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. எங்கள் குடும்பத்தில் இதற்குக் கட்டு அதிகம். மஞ்சத்தண்ணி ஊற்றி நேர்ந்துவிட்டால், கொடைத் திருநாள் வரைக்கும் அதன் மேல் கத்தரி படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, கழுத்தில் கயிறு விழக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சத்தண்ணி மட்டும் ஊற்றலாம். உடம்பில் ஒரு பழுதும் இருக்கக்கூடாது. பழுதுள்ள கிடாவைச் சாமி ஏற்றுக்கொள்ளாது, அப்படி ஆனால் நேர்ச்சை யாருக்காகவோ அவன் உயிர் தீராக் கடனில் நிற்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. பாதிரிமார் பள்ளி எனக்குக் கிறிஸ்துவையும் தரவில்லை, எங்கள் சாமியையும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் கிடைக்குள் சொறி வந்தது. ஆடுகள் மேயாமல் படலில் உரசிக்கொண்டு நின்றன. தங்கள் விலாவைத் தாங்களே கடித்தன. மயிர் கொத்துக் கொத்தாகப் படலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உதிர்ந்த இடத்தில் தேன் காய்ந்ததுபோல மஞ்சளாகப் பொருக்கு. பொருக்கைப் பெயர்த்தால் ரத்தம். கீதாரி எல்லோரையும் ஓடைக்கு ஓட்டிவரச் சொன்னார். ஒவ்வொரு ஆட்டுக்கும் மயிரைக் கத்தரித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வேப்பெண்ணெயில் கந்தகப் பொடி குழைத்துப் பூசினோம். எங்கள் உடம்பெல்லாம் அந்த நாற்றம். என் கிடா மட்டும் கரையில் நின்றது.

அக்காள் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அதைப் பார்த்தார்.

"ஏ மாப்ளே, அவிய மட்டும் கரையில நின்னு வேடிக்கை பாக்காவளே, அவியளுக்கு எண்ணெய் கிடையாதா?"

"அது சாமி கிடா மச்சான். எண்ணெய் படக்கூடாது."

"சாமி கிடான்னு சொறிக்குத் தெரியுமா? நீ எளுதிக் காட்டினியா?"

ஓடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கீதாரியே சிரித்தார். பிறகு அக்காள் புருஷன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வெளையாட்டுக்குச் சொல்லல. எண்ணெய் ஆகாதுன்னா வேண்டாம். கொடை வரைக்கும் ஒங்க வீட்டுத் தொளுவுல விட்டு வை. கிடைக்குள்ள விடாத."

சரியான யோசனை. வேறு யார் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். "எங்க கிடா எங்க நிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றேன். அன்று சாயங்காலம் மற்ற ஆடுகளோடு அதையும் கிடைக்குள் ஓட்டிவிட்டேன்.

சில நாள் கழித்து, உச்சி வெயிலில், மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தபோது நான் அந்தக் கிடாவைப் பிடித்துப் பார்த்தேன். கொம்படியிலும் முன்னங்கால் சந்திலும் மயிர் கட்டியாக இருந்தது. மஞ்சள் காய்ந்து கட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் நகத்தால் பெயர்த்தேன். பொருக்கு. கிடா கழுத்தைச் சாய்த்து உதட்டைத் துடிக்கவிட்டது.

பள்ளியில் விஞ்ஞானம் சொல்லித்தந்த வாத்தியார் ஒருவர், சொறி என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி என்று சொல்லியிருந்தார். கறுப்புத் துணியில் பொருக்கைப் போட்டு வெயிலில் வைத்தால் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். நான் என் குடையை விரித்து, அதன் கறுப்புத் துணியில் பொருக்கை உதிர்த்து, வெயிலில் குனிந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் துணி சூடேறியது. பொருக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் புறப்பட்டு நகர்ந்தன. உப்புத்தூள் உயிர்பெற்று நடப்பதுபோல இருந்தது. குடையை உதறி மடக்கினேன். கிடாவை விட்டுவிட்டேன். அது நேராகப் போய் ஒரு பெட்டை ஆட்டின் விலாவில் உடம்பை உரசிக்கொண்டு நின்றது. அதையும் பார்த்தேன்.

அம்மாவின் மனம் உடைந்துபோகும், அதனால் வெளியே சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அக்காள் புருஷன் சொன்னது சரியாகிவிட்டதே என்ற எரிச்சல்தான். கீதாரி முன்னால், ஓடையில் சிரித்த அத்தனை பேர் முன்னால், "மச்சான் சொன்னதுதான் சரி" என்று சொல்ல என் நாக்கு வரவில்லை.

பங்குனியில் சொறி திரும்ப வந்தது. இந்தத் தடவை எல்லா மந்தையிலும் ஒன்றிரண்டு ஆடுகளுக்கு இருந்தது. வத்திராயிருப்பில் கிடை போடச் சொல்லியிருந்த நிலக்காரர், சொறி ஆட்டைத் தன் எல்லைக்குள் விடமாட்டேன் என்று ஆள் அனுப்பிவிட்டார். கீதாரி எல்லோரையும் கூட்டினார். எண்ணெய் பூசிய பிறகும் யார் மந்தையிலோ சொறி ஒளிந்திருக்கிறது, அந்த மந்தையை ஒதுக்கினால்தான் மற்றவர்கள் பிழைக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க படிச்சவிய. எங்க கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியுது. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல."

நான் கூட்டத்தைப் பார்த்தேன். அக்காள் புருஷன் ஒரு படலில் சாய்ந்து வாயில் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. இருந்ததாகத்தான் அன்று எனக்குப் பட்டது.

குடையை எடுத்துவரச் சொன்னேன். விரித்துத் தரையில் வைத்தேன். அவர் மந்தையிலிருந்து ஒரு ஆட்டைப் பிடித்துவரச் சொன்னேன். என் மந்தையிலும் அதே சொறி இருந்தது, கீதாரியின் மந்தையிலும் இருந்தது. நான் அவர் ஆட்டைத்தான் கேட்டேன். சுரண்டினேன். அது உதட்டைத் துடிக்கவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன். பொருக்கைக் குடைத் துணியில் உதிர்த்துவிட்டு, "செத்த நேரம் பொறுங்க" என்றேன்.

புள்ளிகள் நகர ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

"அடி ஆத்தே, நடக்குதுய்யா!"

"எம்புட்டு! பாரு, எம்புட்டு ஊருது!"

"இது எங்க இருந்ததோ அங்க இருந்துதான் மத்ததுக்கெல்லாம் போயிருக்கு" என்றேன்.

அது சொறியைப் பற்றி உண்மையான வாக்கியம்தான். எங்கிருந்து என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. குனிந்தவர்கள் நிமிர்ந்து அக்காள் புருஷனைப் பார்த்தார்கள்.

அவர் படலை விட்டு வந்தார். "மாப்ளே, நல்லா வித்தை காட்டுத. அதே குடையில ஒன் கிடாவுலயும் கொஞ்சம் எடுத்துப் போடு. எல்லாரும் பாக்கட்டும்."

"நேர்ந்த கிடா மச்சான்."

"கொல்லச் சொல்லலலே. சொரண்டத்தான் சொல்லுதேன்."

நான் அப்போது சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "வேணும்னா நீங்களே தொட்டுப் பாருங்க. எங்க அம்மா என் உசுருக்கு நேர்ந்தது. அதுல கை வச்சு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எங்க அக்காவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

எனக்கு இல்லாத நம்பிக்கையை எடுத்து அவர் கழுத்தில் வைத்தேன். அவருக்கு அந்த நம்பிக்கை உண்டு. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

கீதாரி, "சாமி கிடாவை விட்டுருப்பா" என்றார். பிறகு, அக்காள் புருஷனிடம் அவருடைய ஆடுகளை அன்றைக்கே பிரித்து ஓட்டிப்போகச் சொன்னார். சொறி முழுக்கப் போனது என்று தெரிகிறவரைக்கும் கிடையில் இடம் இல்லை என்றார்.

கிடையின் படல்கள் அவரவர் கொண்டுவந்தவை. அக்காள் புருஷன் தன்னுடைய படல்களைப் பிடுங்கித் தலையில் அடுக்கிக்கொண்டார். பிடுங்கிய இடத்தில் கிடை வாய் பிளந்து நின்றது. மற்ற ஆடுகளும் அந்த வழியே வெளியே வரப் பார்த்தன; ஆட்கள் கையை விரித்து மறித்தார்கள். அவர் என்னைத் தாண்டிப் போகும்போது மெதுவாகச் சொன்னார்: "ஒனக்குத் தெரியும்லே. நீ பாத்திருக்க. ஒன் மூஞ்சியில தெரியுது."

அதன் பிறகு ஒரு சந்தை நாளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைப் பார்த்தேன். தோளில் பெரிய புகையிலைக் கட்டு. வாய்க்குப் போடுகிற அளவு இல்லை அது. புகையிலையைக் காய்ச்சி அந்தத் தண்ணீரில் ஆட்டை முக்கினால் பூச்சி சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு மிஞ்சினால், அதுவும் மயிர் கத்தரித்து ரத்தம் கசிகிற தோலில் பட்டால், ஆடும் சாகும். பருத்திப் பூச்சிக்குத் தெளிக்க வைத்திருந்த புகையிலைத் தண்ணீரில் விழுந்து எழுந்த கன்று ஒன்று வாயில் நுரை தள்ளிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னலே பாக்க? சுத்தம் பண்ணிக் கொண்டாரேன். பொறவு ஒன் குடையை விரி."

சொல்லியிருக்கலாம். தண்ணீர் நிறையக் கலக்கச் சொல்லி, புண் ஆறட்டும் என்று சொல்லி, ஒரு வாக்கியம் போதும். "நல்லாப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவசரத்தில் கெட்டியாகக் காய்ச்சிவிட்டார். அன்று கத்தரித்த ஆடுகளை அன்றே முக்கியிருக்கிறார். கரையேறிய ஆடுகள் நடுங்கி, எச்சில் வழிய, கால் பரப்பிக்கொண்டு விழுந்தன. பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டன. கேள்விப்பட்டதும் அம்மா என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். நான் போகவில்லை.

வைகாசியில் எங்கள் குலசாமிக்குக் கொடை. அக்காள் வந்திருந்தாள், அவர் வரவில்லை. கிடாவைக் கோயில் முன்னால் நிறுத்தி மஞ்சத்தண்ணி தெளித்தார்கள். தெளித்ததும் கிடா உடம்பை உலுக்க வேண்டும். உலுக்கினால் சாமி உத்தரவு தந்துவிட்டது என்று அர்த்தம். சில கிடாக்கள் வெகுநேரம் உலுக்காமல் நிற்கும். நேர்ந்தவர்கள் அழுதுகொண்டு நிற்பார்கள். எங்கள் கிடா முதல் துளி பட்டதுமே உலுக்கியது. உலுக்கியதை நிறுத்தவே இல்லை. தலையை ஆட்டி, பின்காலால் விலாவை உதைத்து, மறுபடி மறுபடி உலுக்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். "என்னா சந்தோசமா வாங்கிக்கிடுது பாத்தியா!" என்று அம்மா கைகூப்பி அழுதார்.

அக்காள் குலவை போடவில்லை. ஆடு கழுவிக் கழுவிக் கை காய்த்தவள் அவள். அந்த உலுக்கல் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிடாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

பந்தியில் அவள் உட்காரவில்லை. கோயிலுக்குப் பின்னால் பானை கழுவுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"தை மாசத்துல இருந்து. அவிய ஓடையில சொன்ன பொறவு பாத்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னலே ஆகப்போகுது? எங்க வாய் தொறந்து அவியள வெளிய தள்ளுனியோ, அங்க போயி அதே வாயால சொல்லு. மிச்சம் இருக்க ஆட்டையாவது கிடையில சேக்கட்டும். மழைக்கு வீட்டுல ஒண்ணுமில்ல."

"சொல்லுதேன்" என்றேன்.

போகவும் போனேன். கிடை அப்போது வன்னியம்பட்டிக்குத் திரும்பியிருந்தது. கீதாரி எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க தம்பி. கொடை நல்லா நடந்துச்சாமே, கிடா துள்ளி வாங்கிக்கிடுச்சாமே" என்றார். நான் தலையாட்டினேன். மழை எப்போது வரும் என்று பேசினோம். அவருடைய ஆடுகளுக்கு மறுபடி எண்ணெய் பூசியிருந்தார்கள். "ஓங்க மச்சான் போட்டுட்டுப் போன வெனை இன்னும் தீரல" என்றார். நான் "ஆமா" என்றேன். அந்த "ஆமா"வை நான் சொல்லியிருக்க வேண்டாம். சும்மா இருந்திருக்கலாம். சொன்னேன்.

திரும்பும் வழியில் அக்காள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் முகம் இளகியது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலையில் அக்காள் புருஷன் மிச்சமிருந்த ஆடுகளைக் கழுவி, படல்களைத் தலையில் வைத்துக்கொண்டு, கிடைக்கு ஓட்டிப்போனார். என் வாயாலேயே குற்றம் தீர்ந்துவிட்டது, கீதாரி கூப்பிட்டு இடம் கொடுப்பார் என்ற நினைப்பில் போனார். பழைய இடத்தில் படலை ஊன்றவே ஆரம்பித்துவிட்டாராம். கீதாரி வந்து, "யாரைக் கேட்டு ஊனுத?" என்றிருக்கிறார். "எம் மச்சினன் வந்து சொல்லலையா?" என்று இவர் கேட்டதற்கு, அங்கே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். "சொன்னாக சொன்னாக. நேத்துக்கூட ஒம்ம பேருதான் சொன்னாக" என்று யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான். ஊன்றிய படலை மற்றவர்கள் பிடுங்கி வெளியே எறிந்தார்கள். இதை அங்கிருந்த ஒருவர் பிறகு என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் வேடிக்கைபோலக் கேட்டுக்கொண்டேன்.

அவர் ஆடுகளை நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிப்போய்க் கசாப்புக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். படல்களைத் தூக்கிவரவில்லை. அந்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே ராஜபாளையத்தில் நூல் ஆலையில் பஞ்சு தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தார். அக்காளும் அங்கே போய்விட்டாள். பஞ்சுத் தூசியில் அவருக்கு இருமல் கண்டது என்று அம்மா சொல்லிக் கேட்டேன். நான் பிற்பாடு உத்தியோகம் கிடைத்து ஊரை விட்டுப் போனேன். ஆடுகளை விற்றுவிட்டேன்.

அம்மா இறந்தபோது இரண்டு பேரும் வந்தார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. செய்ய வேண்டிய முறைகளையெல்லாம் குறையில்லாமல் செய்தார். அக்காள் மட்டும் கிளம்பும்போது என்னிடம் வந்தாள். "அன்னைக்கு நான் மோர் குடுத்தேன்லே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கீதாரி இப்போது இல்லை. அக்காளும் அவள் புருஷனும் இல்லை. அன்று குடையைச் சுற்றிக் குனிந்து பார்த்தவர்களில் ஒருவர்கூட மிச்சம் இருப்பதாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆட்களிடம் நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுவதால் அவருக்குக் கிடையில் இடம் கிடைத்துவிடாது.